உப்புநீர்முன் களிமண்: பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி உப்பளம், எண்ணெய்க் கிணறு – ஒரு பொருள்சார் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

எண்ணெய்க் கிணற்றில் எண்ணெயோடு சேர்ந்து மேலேறும் நிலத்தடி நீரைத் தடுப்பதற்குக் களிமண் துகள்களால் நிலைப்படுத்தப்பட்ட ஜெல் பால்மங்கள் ஆராயப்பட்டும் பயன்படுத்தப்பட்டும் வருகின்றன. நிலத்தடியில் உள்ள நீர் பெரும்பாலும் உப்புநீர். களிமண்ணோ நன்னீரில் ஒருவகையாகவும் உப்புநீரில் வேறுவகையாகவும் நடந்துகொள்ளும் பொருள். எனவே இத்தொழில்நுட்பத்தின் வரலாறு, களிமண்ணும் உப்புநீரும் எதிர்ப்படும் இடத்தை மனிதர் எவ்வாறு கையாண்டனர் என்பதன் வரலாறாகவும் அமைகிறது. பாஞ்சாலங்குறிச்சியின் மண்கோட்டை, தூத்துக்குடியின் உப்பளப் பாத்தி, இருபதாம் நூற்றாண்டின் எண்ணெய்க் கிணறு ஆகிய மூன்றையும் ஒரே பொருளின் மூன்று நிலைகளாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இவற்றுக்கிடையே இருப்பது மரபுத் தொடர்ச்சி அன்று, சிக்கலின் ஒப்புமையே என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: களிமண், கரிசல், பாஞ்சாலங்குறிச்சி, உப்பளம், பால்மம், ஜெல், நீர்க்கட்டுப்பாடு, காவிரிப் படுகை, மன்னார் வளைகுடா.

முன்னுரை

பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகுதி. கட்டபொம்மனின் வீரம், ஊமைத்துரையின் மீட்சி, பாளையக்காரர் அரசியல், கும்பினியின் வரிக்கொள்கை ஆகியவை பலமுறை ஆராயப்பட்டுள்ளன. ஆயினும் அக்கோட்டை எந்தப் பொருளால் ஆனது, அப்பொருள் ஏன் அவ்வாறு நின்றது என்னும் வினா ஓரத்திலேயே நிற்கிறது. வீரர்களின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு மண்ணின் வரலாறு எழுதப்படவில்லை.

இக்குறை பாஞ்சாலங்குறிச்சிக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் தொழில்நுட்ப வரலாறு பெரிதும் இரு துருவங்களில் இயங்குகிறது. ஒன்று, இன்றைய அறிவியல் அனைத்தும் நம் முன்னோர் அறிந்தனவே என்னும் பெருமிதம். மற்றொன்று, தொழில்நுட்பம் என்பது மேலைநாட்டிலிருந்து இறக்குமதியானது என்னும் முன்முடிவு. இவ்விரண்டும் கைவினைஞரின் அறிவை உள்ளபடி காணத் தடையாகின்றன. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதனை வெவ்வேறு காலத்தவர் எவ்வாறு கையாண்டனர் என்று பின்தொடர்வது இத்தடையைக் கடக்க ஒரு வழியாகலாம். இக்கட்டுரை அவ்வகையில் களிமண்ணை எடுத்துக்கொள்கிறது.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் தேவை. ஒன்றோடொன்று கலவாத இரு நீர்மங்களுள் ஒன்று மற்றொன்றினுள் நுண்துளிகளாகப் பரவி நிற்பது ‘பால்மம்’ என இங்குக் குறிக்கப்படுகிறது; பாலும் அத்தகையதே. நீர்மத்தைத் தன்னுள் பிடித்துவைத்து, அசையாது நிற்கும் மென்திண்மம் ‘ஜெல்’ எனப்படுகிறது. இதற்குக் ‘களி’ என்னும் சொல்லும் வழக்கில் உண்டெனினும், களிமண்ணைப் பற்றிய கட்டுரையில் அது மயக்கம் தரும் என்பதால் தவிர்க்கப்பட்டுள்ளது.

பாஞ்சாலங்குறிச்சியின் மண்

பாஞ்சாலங்குறிச்சி இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் ஓட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ளது. 1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மன் தலைமையில் கும்பினிப் படை இக்கோட்டையைத் தாக்கியது. கட்டபொம்மன் பின்னர்ப் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடிக்கப்பட்டது. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் அவருடன் சிறையிருந்தோரும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினர். சில நாள்களுக்குள் கோட்டைச் சுவர்கள் மீண்டும் எழுந்தன. அதே ஆண்டு மார்ச் 31 அன்று நடந்த பெருந்தாக்குதலைக் கோட்டை முறியடித்தது. கர்னல் அக்னியூ கூடுதல் படையுடன் வந்த பின்னரே, மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

இப்போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளியான தம் போர் நினைவுக் குறிப்புகளில் கோட்டையின் அமைப்பை விவரித்துள்ளார். அவர் தரும் செய்தியின்படி, கோட்டை ஒழுங்கற்ற நீள்சதுர வடிவினது. நீண்ட பக்கங்கள் சுமார் 500 அடி, குறுகிய பக்கங்கள் சுமார் 300 அடி. சுவரின் உயரம் சுமார் 12 அடி. முழுவதும் மண்ணாலானது, அம்மண் திண்மையும் ஒட்டும் தன்மையும் மிக்கது. சுற்றிலும் அடர்ந்த முள்வேலி இருந்தது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலும் இச்செய்திகள் இடம்பெற்றுள்ளன.

இங்கு நம் கவனத்திற்குரியது ‘ஒட்டும் தன்மை’ என்னும் குறிப்பாகும். கற்சுவர் பீரங்கிக் குண்டு பட்டுப் பிளவுறும். பிளவு பரவிச் சுவர் சரியும். பருத்த மண்சுவரோ குண்டின் விசையைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். குண்டு புதையும், சுவர் நிற்கும். இடிந்த பகுதியை நீரும் ஆள்பலமும் இருந்தால் விரைவில் எழுப்பிவிடவும் முடியும். 1801இல் சில நாள்களில் கோட்டை எழுந்தது என்பதை வியப்பாக மட்டும் காணாமல், பொருளின் இயல்பாகவும் காண வேண்டும். வீரர்களின் துணிவோடு, மண்ணைக் குழைக்கவும் அடுக்கவும் இறுக்கவும் அறிந்த எண்ணற்ற கைகளும் அங்கு இயங்கின. அக்கைகளுக்கு உரியோரின் பெயர்கள் ஆவணங்களில் இல்லை.

ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்கள் கரிசல் பரந்த நிலங்கள். கரிசலின் களிக்கூறு பெரிதும் ஸ்மெக்டைட் வகைக் கனிமங்களால் ஆனது. அவற்றுள் தலையாயது மான்ட்மோரில்லனைட். இக்கனிமம் ஏடுகளை அடுக்கியது போன்ற அமைப்புடையது. ஒவ்வோர் ஏட்டின் தடிப்பும் ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்து லட்சத்தில் ஒரு பங்கே. ஏடுகளுக்கிடையே நீர் புகும்போது மண் வீங்குகிறது. நீர் வெளியேறும்போது சுருங்குகிறது. கோடையில் கரிசல் ஆளடி அகலத்தில் வெடிப்பதும், மழை பெய்ததும் அவ்வெடிப்புகள் தாமாக மூடிக்கொள்வதும் இதனாலேயே. எந்த ஈரப்பதத்தில் ஏர் பூட்டலாம், எப்போது மண் காலைப் பிடிக்கும் என்பன கரிசல் உழவர் தலைமுறைகளாக அறிந்தவை. எண்ணெய்த் தொழில் உலகெங்கும் பயன்படுத்தும் பென்டோனைட் என்னும் களிமண்ணின் முதன்மைக் கனிமமும் இதே மான்ட்மோரில்லனைட்டே ஆகும்.

உப்பளப் பாத்தி: களிமண்ணும் உப்புநீரும்

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து கடற்கரை நோக்கிச் சென்றால் நிலம் உப்பளமாக மாறுகிறது. தூத்துக்குடி கடற்கரை முத்துக்குளித்தலால் பழம்பெருமை பெற்றது. இன்று அதன் அடையாளம் உப்பு. உப்பளத்தின் தொழில்நுட்பம் முழுவதும் ஒரு தேவையைச் சுற்றியே அமைந்துள்ளது: நீர் மேல்நோக்கி ஆவியாக வேண்டும், கீழ்நோக்கிக் கசியக் கூடாது. வெயிலுக்கும் காற்றுக்கும் இப்பகுதியில் குறைவில்லை. கசிவைத் தடுப்பதே மனிதர் செய்ய வேண்டிய பணி.

இப்பணி ‘பாத்தி மிதித்தல்’ எனப்படும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், சேறான பாத்திகளைத் துப்புரவு செய்து, தரையைச் சமன்படுத்தி, தொழிலாளர் வரிசையாக நின்று காலால் மிதித்து இறுக்குவர். ஒருமுறை மிதித்தால் போதாது. காயவிட்டு, ஈரம் பார்த்து, மீண்டும் மிதிக்க வேண்டும். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ புதினம் இத்தொழிலாளர் வாழ்வை இலக்கியத்தில் பதிவு செய்தது. ஆனால் மிதித்தல் என்பது உழைப்பின் துயரம் மட்டுமன்று. அது ஓர் அறிவும் ஆகும்.

அந்த அறிவின் நுட்பம் இதுதான். மான்ட்மோரில்லனைட் ஏடுகள் நன்னீரில் ஒன்றையொன்று விலக்கி விரிகின்றன. அவ்வாறு விரிந்து வீங்கிய களிமண் தானாகவே நீரை அடைத்துக்கொள்கிறது. உப்புநீரிலோ, கரைந்துள்ள அயனிகள் ஏடுகளின் மின்விலக்கத்தை மட்டுப்படுத்துகின்றன. ஏடுகள் விரிவதில்லை, மாறாக ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகின்றன. திரண்ட கட்டிகளுக்கிடையே இடைவெளி இருக்கும். அதன்வழி உப்புநீர் கசியும். குளக்கரைக்கு நன்னீர்க் களிமண் போதும். உப்பளத்திற்கு அதே களிமண் தானாகப் போதாது. களியின் வீக்கம் செய்யாத வேலையை மனிதரின் பாதம் செய்ய வேண்டியுள்ளது. பாத்தி மிதிப்போர் அயனி என்னும் சொல்லை அறிந்திருக்கவில்லை. ஆனால் உப்புநீருக்கு முன் களிமண்ணை அதன் போக்கில் விட்டுவிட முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். எண்ணெய்க் கிணற்றில் எழும் சிக்கலும் இதுவே.

எண்ணெய்க் கிணற்றில் சேறு

நிலத்தை ஆழமாகத் துளையிடும்போது, துளையின் சுவர் சரியாமல் காக்கவும், வெட்டிய கல்துகளை மேலே கொணரவும், நிலத்தடி அழுத்தத்தை எதிர்த்து நிற்கவும் கனத்த நீர்மம் ஒன்று தேவை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிண்டில்டாப்பில் 1901 ஜனவரி 10 அன்று எண்ணெய் பீறிட்டெழுந்தது எண்ணெய் வரலாற்றில் ஒரு திருப்புமுனை. அங்கு மணற்படுகையைத் துளையிட முடியாமல் தவித்தோர், குட்டையொன்றில் மாடுகளை ஓட்டிச் சேறாக்கி, அச்சேற்றைத் துளைக்குள் செலுத்தினர் என்று தொழில் வரலாறுகள் கூறுகின்றன. பாஞ்சாலங்குறிச்சியின் மண்சுவர் கும்பினிப் படையை எதிர்த்து நின்று நூறாண்டு கழித்து, வேறொரு கண்டத்தில், மாடு மிதித்த சேறு எண்ணெய் யுகத்தைத் தொடங்கி வைத்தது எனலாம்.

பின்னர் அச்சேற்றின் இடத்தைத் தேர்ந்தெடுத்த களிமண் பிடித்தது. வயோமிங் மாநிலப் பாறை அடுக்கொன்றின் பெயரால் 1898இல் ‘பென்டோனைட்’ எனப் பெயரிடப்பட்ட களிமண் துளையிடு சேற்றின் அடிப்படையாயிற்று. இந்தியாவில் குஜராத்தின் கச்சுப் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மர் பகுதியிலும் இது கிடைக்கிறது. பென்டோனைட் சேறு துளைச்சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து கசிவை அடைக்கிறது. இது குளக்கரைக் களியின் வேலையை ஒத்தது. ஆனால் உப்புப் பாறையோ உப்புநீரோ எதிர்ப்படும்போது இச்சேறு திரிந்துவிடும். அங்கு அட்டபல்கைட் போன்ற, வீக்கத்தை நம்பாத ஊசிவடிவக் களிமண்ணைப் பயன்படுத்துவர்.

நீர் பகையாகும் இடம்

நாம் அறிந்த கிணறு நீருக்காகத் தோண்டப்படுவது. எண்ணெய்க் கிணற்றில் இந்த உறவு தலைகீழாகிறது. அங்கு நீரே பகை. எண்ணெய் தாங்கும் பாறையின் துளைகளில் எண்ணெயின் கீழே உப்புநீர் உண்டு. எண்ணெய் எடுக்கப்படுந்தோறும் அந்நீர் மேலேறுகிறது. சில இடங்களில் கிணற்றின் அடியைச் சுற்றிக் கூம்பு வடிவில் எழுகிறது; சில இடங்களில் ஊடுருவல் மிக்க படலத்தின் வழியாகவோ பாறை வெடிப்பின் வழியாகவோ பாய்கிறது; உறைக்குழாய்க்குப் பின்னுள்ள சிமெண்டுப் பிளவின் வழியாகவும் வரும். உலக அளவில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குச் சுமார் மூன்று பீப்பாய் நீர் வெளிவருகிறது என்பது இத்துறையில் நெடுங்காலமாக எடுத்தாளப்படும் கணிப்பு. அந்நீரை மேலேற்றவும், பிரிக்கவும், தூய்மைப்படுத்தவும், மீண்டும் நிலத்தடிக்கு அனுப்பவும் செலவாகிறது. நீரின் பங்கு ஓரளவைக் கடந்தால், அடியில் எண்ணெய் இருக்கும்போதே கிணறு மூடப்படும்.

நீரை அடைக்கச் சிமெண்டு முதலில் பயன்பட்டது. ஆனால் சிமெண்டுக்கு நீர்வழி எது, எண்ணெய்வழி எது என்று தெரியாது, இரண்டையும் அடைத்துவிடும். 1980களில் குரோமியம் அசிடேட்டால் பிணைக்கப்பட்ட பாலிஅக்ரிலமைடு ஜெல்கள் பரவலாயின. அவை பாறைத்துளைகளுள் நீர்மமாகச் சென்று உள்ளே ஜெல்லாக உறைந்தன. நீரை மிகுதியாகவும் எண்ணெயைக் குறைவாகவும் தடுக்கும் பொருளைக் கண்டடைவது துறையின் நோக்கமாயிற்று.

களிமண் தாங்கும் ஜெல் பால்மம்

இந்நோக்கத்திற்கு வழிகாட்டியது ஒரு பழைய கண்டுபிடிப்பு. நுண்ணிய திண்மத் துகள்கள் எண்ணெய்த் துளிக்கும் நீருக்கும் இடையிலான எல்லையில் ஒட்டிக்கொண்டு பால்மத்தை நிலைநிறுத்தும் என்பதை 1903இல் ராம்ஸ்டெனும் 1907இல் பிக்கரிங்கும் காட்டினர். சோப்பு போன்ற மூலக்கூறுகள் எல்லையில் வருவதும் போவதுமாக இருக்கும். துகளோ ஒருமுறை எல்லையில் அமர்ந்தால் எளிதில் பெயராது. அதனைப் பெயர்க்கத் தேவையான ஆற்றல், வெப்ப அசைவின் ஆற்றலைப் போல நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான மடங்காகும். ஆதலால் துளிகள் ஒன்றுசேர்வது தடைப்படுகிறது. துகளை எந்த நீர்மம் மிகுதியாக நனைக்கிறதோ அதுவே புறத்தே சூழும் நீர்மமாகும் என்பதை 1923இல் ஃபிங்கிள், டிரேப்பர், ஹில்டிபிராண்ட் ஆகியோர் விளக்கினர்.

இயற்கைக் களிமண்ணை நீரே மிகுதியாக நனைக்கும். எண்ணெய் சூழ்ந்த, நீர்த்துளிகளை உள்ளடக்கிய பால்மம் வேண்டுமெனில் களிமண்ணின் மேற்பரப்பை எண்ணெய் விரும்பும்படி மாற்ற வேண்டும். ஏடுகளுக்கிடையே உள்ள சோடியம் அயனிகளுக்கு மாற்றாக நீண்ட கரிமச் சங்கிலிகளைக் கொண்ட அம்மோனியம் சேர்மங்களைச் செலுத்தி இம்மாற்றத்தைச் செய்யலாம். ஜோர்டன் என்பவர் 1949இல் இத்தகைய கரிமக் களிமண்ணைப் பற்றி விரிவாக எழுதினார்.

இவ்வாறமைந்த பால்மத்தில் உள்ளிருக்கும் நீரின் பங்கு கூடக்கூடக் கட்டி கூடும். உருண்டைகளை மிக நெருக்கமாக அடுக்கினால் அவை இடத்தின் சுமார் 74 விழுக்காட்டை நிரப்பும். நீரின் பங்கு இதனைத் தாண்டும்போது துளிகள் ஒன்றையொன்று நெருக்கி உருண்டை வடிவம் இழக்கின்றன. பால்மம் முழுவதும் ஜெல்லைப் போல நிற்கிறது. இதுவே ஜெல் பால்மம். இதனைக் கிணற்றுள் செலுத்தினால், நீர் வரும் வழியில் அது மேலும் நீரை உட்கொண்டு தடிக்கிறது. எண்ணெய் வரும் வழியில் புறத்தே உள்ள எண்ணெய் பெருகி அது நீர்த்துப்போய் வெளியேறுகிறது. சிமெண்டுக்கு இல்லாத ‘வழியறியும்’ திறன் இங்கு, வேதிக் கட்டளையால் அன்றி, பொருளின் இயல்பாலேயே அமைகிறது.

இவ்வரலாற்றின் மிகச் சுவையான திருப்பம் உப்பைப் பற்றியது. லாபோனைட் என்னும் செயற்கைக் களிமண்ணைக் கொண்டு 2000ஆம் ஆண்டு ஆஷ்பியும் பிங்க்சும் செய்த ஆய்வில், நன்னீரில் நன்கு விரிந்து கிடந்த களிமண் பால்மத்தைத் தாங்கவில்லை. உப்புச் சேர்த்து ஏடுகள் திரளத் தொடங்கிய பின்னரே நிலையான பால்மம் உண்டாயிற்று. அவர்கள் ஆய்ந்தது நீர் சூழ்ந்த பால்மம்; எண்ணெய் சூழ்ந்த பால்மத்திற்கு அதனை அப்படியே பொருத்த இயலாது. எனினும் அதன் படிப்பினை பொதுவானது. உப்பளத்தில் தீங்காகவும் துளையிடு சேற்றில் கேடாகவும் கருதப்பட்ட ‘திரளுதல்’ இங்குத் துணையாகிறது. களிமண்ணின் குணம் மாறவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட வேலை மாறியது.

காவிரிப் படுகையும் மன்னார் வளைகுடாவும்

தமிழகத்தில் இச்சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. 1956இல் அமைக்கப்பட்ட எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயு ஆணையம் காவிரிப் படுகையில் தேடலைத் தொடங்கியது. 1980களின் நடுவில் நரிமணம் எண்ணெய்க் களமாக உருவெடுத்தது. 1993இல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. நெல்வயல்களின் நடுவே எண்ணெய்க் கிணறுகள் அமைந்தமையால், நிலத்தடி உப்புநீர் எங்கே போகிறது என்பது இங்குப் பொறியாளரின் கணக்காக மட்டும் இருக்க முடியாது. உழவரின் கேள்வியாகவும் ஆகிறது. 2017இல் கதிராமங்கலத்தில் ஏற்பட்ட குழாய்க் கசிவும் அதையொட்டிய போராட்டமும், 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் அக்கேள்வியின் அரசியல் வடிவங்கள். கிணற்றுக்குள்ளேயே நீரைத் தடுக்கும் தொழில்நுட்பம் மேலே வரும் உப்புநீரைக் குறைக்கும். அதேவேளை முதிர்ந்த கிணற்றின் ஆயுளை நீட்டிக்கவும் செய்யும். இவ்விரு விளைவுகளையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

முத்துக்குளித்த கடலும் இவ்வரலாற்றுக்கு வெளியே இல்லை. 1970களில் சோவியத் உதவியுடன் இலங்கையின் மன்னார்த் தீவில் உள்ள பேசாலையில் துளையிடப்பட்டது. 2011இல் மன்னார்ப் படுகையின் ஆழ்கடலில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. இக்கரையில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை பரந்த தீவுகளும் பவளப்பாறைகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. சிப்பி வாழ்ந்த கடலடியைப் பற்றி எடுக்கப்படும் எந்த முடிவிலும் அக்கடலின் மக்கள் அறிந்து பேசுவதற்குத் தமிழில் சொற்கள் வேண்டும்.

தொடர்ச்சியா, ஒப்புமையா?

கோட்டை கட்டியோர் பால்ம வேதியியலை அறிந்திருந்தனர் என்றோ, எண்ணெய்ப் பொறியாளர் உப்பளத்திலிருந்து கற்றனர் என்றோ கூற இடமில்லை. இவ்விரண்டையும் இணைக்கும் ஆவணமோ ஆள்வழியோ இல்லை. அவ்வாறு இணைப்பது பெருமிதத்திற்குத் துணையாகலாம்; வரலாற்றுக்குத் துணையாகாது.

ஆயினும் ஒப்புமை உண்மையானது. ஒரே கனிமக் குடும்பம், ஒரே பகைநீர், ஒரே வினா. உப்பளத் தொழிலாளர் பாதத்தால் விடை கண்டனர். ஸ்பிண்டில்டாப்பில் மாட்டின் குளம்பால். பின்னாளில் ஆய்வகத்தில் மூலக்கூற்றால். முதலாவது விடைக்கு ஆசிரியர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. அதனாலேயே அது அறிவு ஆகாமல் போய்விடாது.

இதில் மொழிக்கும் பங்குண்டு. நிலச்சரிவைத் தடுக்கச் சுடுமண் வளையம் இறக்கிய கிணற்றை உறைகிணறு என்றோம். துளைச்சுவரைத் தாங்கும் எஃகுக் குழாயை இன்று உறைக்குழாய் என்கிறோம். கைவினைச் சொல் தொழில்நுட்பச் சொல்லுக்கு இயல்பாகத் தாயானது. உப்பளத்திலும் குளக்கரையிலும் வழங்கும் சொற்கள் முறையாகத் தொகுக்கப்பட்டால், கலைச்சொல்லாக்கம் அகராதியிலிருந்து மட்டும் அல்லாமல் மண்ணிலிருந்தும் தொடங்க முடியும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, எண்ணெய்க் கிணற்று நீர்க்கட்டுப்பாட்டில் களிமண் பெறும் இடத்தை விளங்கிக்கொள்ள, களிமண்ணும் உப்புநீரும் கொள்ளும் உறவே திறவுகோல். இரண்டாவது, அவ்வுறவைத் தூத்துக்குடிக் கடற்கரையின் உழைப்பாளர் தம் தொழிலில் நெடுங்காலமாகக் கையாண்டுள்ளனர்; அது மரபுத் தொடர்ச்சியாக அன்றி, தனித்து நிற்கும் அறிவாக மதிக்கப்பட வேண்டும். மூன்றாவது, பாஞ்சாலங்குறிச்சி போன்ற இடங்களின் வரலாறு, போரிட்டோரின் பெயர்களோடு பொருளின் இயல்பையும் உழைத்தோரின் திறனையும் சேர்த்துக்கொள்ளும்போதே முழுமை பெறும்.

தமிழகத் தொல்லியல் துறை 1968–69ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சியில் அகழாய்வு நடத்தியது. 1974இல் அரசு அங்கு நினைவுக் கோட்டை எழுப்பியது. அந்நினைவுக் கோட்டையைக் காண வருவோர் கட்டபொம்மனின் சிலையைக் காண்கின்றனர். சுற்றியுள்ள நிலத்தின் மண் மாதிரிகளைக் கனிமவியல் முறையில் ஆராய்வதும், தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி மிதித்த முதியோரின் தொழிலறிவை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்வதும் இனிச் செய்ய வேண்டியவை. இயந்திர உருளையும் நெகிழித் தாளும் பாத்திக்கு வரும்போது, மிதித்தோரின் அறிவு ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடக்கூடும். மண்ணைக் காலம் தாழ்த்தியும் ஆராயலாம். மிதித்தோரிடம் கேட்பதற்குக் காலம் குறைவு.